பெல் போர்த்துகேஸ்: உறைபனி தெரியாத தோட்டங்களின் குலக்கொடி

1900ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரிலிருந்து சோலேய் தோர் என்ற ரோஜா வெளியானது. உருவாக்கியவர் ஜோசப் பெர்னே-துஷே. அதுவரை ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் யாரும் கண்டிராத ஆரஞ்சு கலந்த அடர் மஞ்சள் நிறம் அதற்கு. ஈரான் பக்கத்து வறண்ட நிலத்திலிருந்து வந்த பெர்ஷியன் எல்லோ என்ற மஞ்சள் ரோஜாவின் மகரந்தத்தைக் கொண்டு அந்த நிறத்தை அவர் பிடித்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1903 வாக்கில், லிஸ்பன் தாவரவியல் பூங்காவில் இன்னொரு கலப்பினம் பிறந்தது. அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஆன்றி காயே என்ற பிரெஞ்சுக்காரர், மணிப்பூர், பர்மா மலைகளின் காட்டு ரோஜா ஒன்றைத் தாயாக வைத்து, வெளிர் இளஞ்சிவப்பில் பூக்கும் ஒரு பெருங்கொடியை எடுத்தார். அதன் பெயர் பெல் போர்த்துகேஸ்.

ரோஜா உலகம் லியோன் காட்டிய பாதையில் போயிற்று. அடர் மஞ்சள், ஆரஞ்சு, செம்பு, தீக்கொழுந்து நிறங்கள் எல்லாம் அந்தப் பாதையில்தான் கிடைத்தன. இன்று நர்சரியில் விற்கும் ஹைப்ரிட் டீ ரோஜாக்களில் பெர்ஷியன் எல்லோவின் ரத்தம் கலக்காதவை மிகக் குறைவு. அந்த நிறத்தோடு ஒரு நோயும் கூடவே வந்தது. ஈரானின் மஞ்சள் ரோஜா, கோடையில் மழையே இல்லாத நிலத்தில் வளர்ந்த இனம். இலை நனைந்து கிடக்கும்போது பரவும் பூசணங்களை எதிர்க்க வேண்டிய தேவை அதற்கு இருந்ததில்லை. கரும்புள்ளி நோயின் வித்து முளைக்க இலை ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். ஈரானின் கோடையில் அது நடக்காது. மழைக்காலம் உள்ள நாட்டில் அது தினசரிச் சங்கதி. ஆசையோடு வாங்கி வந்த மஞ்சள் ரோஜா முதல் மாதம் பூத்து, அடுத்த மழையில் இலையெல்லாம் கறுத்து உதிர்ந்து குச்சியாக நிற்பதைப் பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். வளர்த்தவர் கைராசி சரியில்லை என்பார்கள். செடியின் குலத்தில் உள்ள பலவீனத்துக்குக் கைராசி என்ன செய்யும்?

வெப்ப நிலத்துக்கு ரோஜா தேடுகிறவர்கள் லிஸ்பன் காட்டிய பாதைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெப்ப நிலம் என்று இங்கே சொல்வது பாலைவனத்தை அல்ல. உறைபனி விழாத, அல்லது எப்போதாவது மட்டும் விழுகிற, செடி குளிர்காலத்திலும் இலையோடு நிற்கிற நிலங்களைத்தான். லிஸ்பன், பிரான்சின் தென்கரை, கலிபோர்னியாவின் கரையோரம், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நம் கொடைக்கானல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

முதலில் தாய்ச்செடியைப் பார்ப்போம். 1881-82 ஆண்டுகளில் பர்மாவுக்கும் மணிப்பூருக்கும் எல்லை குறிக்கப் போன குழுவில் ஜார்ஜ் வாட் என்பவர் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்தார். இந்தியாவின் பொருளாதாரப் பயிர்களைப் பற்றிப் பின்னாளில் பெரும் அகராதி தொகுத்தவர் இவரே. மணிப்பூர் மலைகளில் மரங்களைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறி, கையகலத்துக்கு வெள்ளைப் பூப்பூக்கும் ஒரு ரோஜாவை அவர் சேகரித்தார். 1888இல் பர்மாவின் ஷான் மலைகளில் ஹென்றி காலெட் என்ற படை அதிகாரி அதே இனத்தைக் கண்டார். பெல்ஜியத் தாவரவியலாளர் பிரான்சுவா கிரெப்பேன் அதற்கு ரோசா ஜைகான்டியா என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். பெயருக்கேற்ற உருவம்தான். தண்டு மனிதனின் கைபோல் பருக்கும். கொடி அறுபது அடிக்கு மேலும் ஏறும். ஒற்றை அடுக்கில் ஐந்தே இதழ் கொண்ட பூ, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம் விரியும். மொட்டில் இளமஞ்சள் சாயல், விரிந்தபின் பால் வெள்ளை. பழம் சின்ன ஆப்பிள் அளவுக்குத் திரண்டு மஞ்சளாகப் பழுக்கும். இலை நீண்டு, மெலிந்து, பளபளப்பாகத் தொங்கும். அது ஈரக் காட்டின் செடி. பருவமழை முழுதும் நனைந்த இலையோடு வாழப் பழகிய இனம்.

பிராங்க் கிங்டன்-வார்ட் என்ற தாவரத் தேடலாளர் 1948இல் மணிப்பூரின் உக்ருல் பகுதியில் தங்கிச் செடி சேகரித்தார். ஷிருய் மலையின் புகழ்பெற்ற லில்லியை வெளியுலகம் அவரால்தான் அறிந்தது. அந்த லில்லிக்கு இன்று திருவிழா எடுக்கிறார்கள், மாநில மலர் என்று கொண்டாடுகிறார்கள். அதே மலைச்சரிவுகளில் மரமேறி நிற்கும் ரோஜா, உலகத் தோட்ட ரோஜாக்களில் பாதிக்கு மூதாய். அந்தப் பெருமையை இங்கே அறிந்தவர் குறைவு என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

பாதிக்கு மூதாய் என்று சும்மா சொல்லவில்லை. காயேவின் கைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் காட்டு ரோஜாவின் ரத்தம் சீனத் தோட்டங்களுக்குள் நுழைந்திருந்தது. தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மலைகளிலும் இது வளர்கிறது. அங்கே சீன ரோஜாவோடு கலந்து பிறந்த வாரிசுகளைத்தான் ஐரோப்பியர்கள் டீ ரோஜா என்றார்கள். 1792 முதல் 1824 வரை நான்கு சீனத் தோட்ட ரோஜாக்கள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் இரண்டு, ஹ்யூமின் வெளிர் ரோஜாவும் பார்க்ஸின் மஞ்சள் ரோஜாவும், ஜைகான்டியா வழியில் வந்தவை என்று கருதப்படுகின்றன. நீண்டு கூர்த்த மொட்டு, வெளிப்புறமாகச் சுருளும் இதழ், மெல்லிய தேயிலை வாசனை ஆகிய மூன்றும் அந்த வழியில் வந்த சீதனம். டைமெத்தாக்சி டொலுயீன் என்ற வேதிப்பொருள்தான் அந்த வாசனைக்கு முக்கியக் காரணம். பழைய ஐரோப்பிய ரோஜாக்களின் மணத்தில் அதற்கு இடமில்லை. இன்று காதலர் தினத்தில் ஓசூரிலிருந்து விமானம் ஏறும் நீண்ட காம்புக் கொய்மலரின் மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், அந்தக் கூர்மையில் மணிப்பூர் மலையின் சாயலைக் காணலாம்.

ஆனால் சீன வழியாக வந்தது நீர்த்துப்போன ரத்தம். காயே செய்தது, காட்டுக் கொடியையே நேராகத் தோட்ட ரோஜாவோடு சேர்த்தது. அவர் எடுத்த தந்தைச்செடி ரேன் மரி ஆன்ரியெத். 1878இல் லியோனில் லெவே என்பவர் வெளியிட்ட செந்நிறக் கொடி ரோஜா அது. பெல்ஜிய அரசியின் பெயரைத் தாங்கியது. லிஸ்பன் பூங்காவும் அதே 1878இல்தான் திறக்கப்பட்டது. மலைச்சரிவில், பனை வகைகளும் வெப்பநாட்டு மரங்களுமாக அமைந்த அந்தப் பூங்காவில், இங்கிலாந்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டிய செடிகள் வெட்டவெளியில் வளர்ந்தன. ஜைகான்டியாவும் அப்படித்தான். லண்டனில் அது பூப்பதே அரிது. லிஸ்பனில் அது தாராளமாகப் பூத்ததால்தான் காயேவால் இந்த வேலையைச் செய்ய முடிந்தது. லுசித்தானியா, எத்துவால் த போர்த்துகால் என்று வேறு சில பிள்ளைகளையும் அவர் எடுத்தார். நிலைத்து நின்றது பெல் போர்த்துகேஸ்.

அதன் மொட்டை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு மெலிந்து, நுனி ஊசிபோல் முடிந்திருக்கும். இதழின் வெளிப்புறம் சற்றே அழுத்தமான இளஞ்சிவப்பு; உட்புறம் வெளிறியது, சால்மன் நிறம் என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அது இலேசாகப் படிந்தது. விரியும்போது இதழ்கள் ஒழுங்கான அடுக்கில் நிற்பதில்லை. வெளி இதழ்கள் பின்னுக்கு மடிந்து தளர, உள் இதழ்கள் பாதி சுருண்டபடியே இருக்கும். காம்புக்குப் பூவின் கனம் தாங்காது. கழுத்து வளைந்து பூ கீழ்நோக்கித் தொங்கும். கண்காட்சியில் குடுவையில் நிறுத்திப் பார்க்கிறவர்கள் இதைக் குறை என்று எழுதினார்கள். கொடி ரோஜாவுக்கு இதுவே நிறைவு. இருபதடி உயர மதிலிலிருந்தோ மரக்கிளையிலிருந்தோ தொங்கும் பூ, கீழே நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கிறது. நிமிர்ந்து நிற்கும் பூவாக இருந்தால் அடியில் நிற்பவருக்குப் புல்லிவட்டமும் காம்பும்தான் தெரியும்.

இந்தக் கொடிக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கிறது என்பது. வசந்தத் தொடக்கத்தில், மற்ற ரோஜாக்கள் மொட்டு வைக்கும் முன்பே, ஆயிரக்கணக்கில் பூத்துச் சில வாரங்களில் முடித்துக்கொள்ளும். பிறகு அடுத்த ஆண்டுவரை பச்சைக் கொடிதான். இதற்கான காரணம் அண்மையில்தான் விளங்கியது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காட்டு ரோஜாக்களில் கேஎஸ்என் என்று பெயரிடப்பட்ட மரபணு ஒன்று இருக்கிறது. பூக்காதே, வளர் என்று தளிருக்குக் கட்டளை இடுவது அதன் வேலை. வசந்தத்தில் அதன் குரல் தாழ்ந்திருக்கும், பூ வரும். அதன்பின் குரல் ஓங்கும். செடி பூப்பதை விட்டுக் கிளைவிட்டு நீளும். சீனத் தோட்டங்களில் எப்போதோ ஒரு செடியில் இந்த மரபணுவுக்குள் இடம்பெயரும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்துகொண்டது. கட்டளை நின்றுபோயிற்று. விளைவாக அந்தச் செடி தளிர்த்த தளிரிலெல்லாம் பூத்தது, ஆண்டு முழுதும் பூத்தது. ஆனால் நீளாமல் குட்டையாக நின்றது. பிரெஞ்சு, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து 2012இல் இதை வெளியிட்டார்கள். குட்டை ரோஜாவில் திடீரென்று ஒரு கிளை கொடியாக ஓடுவதைத் தோட்டக்காரர்கள் பல தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். பல கொடி ரகங்கள் அப்படிக் கிடைத்தவைதான். அப்படிப்பட்ட கிளைகளில் அந்தத் துண்டின் பெரும்பகுதி கழன்றுபோய் மரபணு மறுபடி உயிர்த்திருப்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஓயாமல் பூப்பதும் ஓங்கி ஏறுவதும் ஒரே திறவுகோலின் இரண்டு பக்கங்கள்.

கெட்டுப்போன மரபணு இரண்டு படியிலும் இருந்தால்தான் ஓயாமல் பூக்கும். நல்ல படி ஒன்றிருந்தாலும் போதும், ஆண்டுக்கொரு பூப்புதான். ஜைகான்டியாவிடமிருந்து ஒரு நல்ல படியைப் பெற்ற பெல் போர்த்துகேஸ் ஆண்டுக்கொருமுறை பூப்பதற்கும், இருபதடி தாண்டி ஓடுவதற்கும் காரணம் இதுவே. ஒன்றை ரசித்து மற்றதைக் குறைசொல்வது நியாயமாகாது. ஒருமுறை பூக்கும் கொன்றையையும் வேங்கையையும் நாம் குறை சொல்வதில்லை. அந்த மரம் பூக்கும் மாதத்தை எதிர்பார்த்திருந்து கொண்டாடுகிறோம். கொடி ரோஜாவுக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தால் என்ன?

முதல் தலைமுறையில் மறைந்து நிற்கும் குணம் அடுத்த தலைமுறையில் வெளிவரும். இந்த விதியைப் பயன்படுத்தி வெப்ப நில ரோஜாவை ஓர் உயரத்துக்குக் கொண்டு சென்றவர் ஆஸ்திரேலியாவின் அலிஸ்டர் கிளார்க். விக்டோரியா மாநிலத்தில் புல்லா என்ற ஊரில் க்ளெனாரா என்ற பண்ணை அவருடையது. 1864இல் பிறந்து 1949இல் மறைந்த அவர், பிழைப்புக்காக ரோஜா வளர்த்தவர் அல்லர். தாம் எடுத்த ரகங்களை ரோஜாச் சங்கங்களுக்கும் தோட்டக்கலைச் சங்கங்களுக்கும் வழங்கி, விற்று வரும் பணத்தை அவர்களே வைத்துக்கொள்ளும்படி விட்டவர். ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகும் ரோஜாக்கள் ஆஸ்திரேலியக் கோடையில் கருகுவதைப் பார்த்த அவர், தம் நாட்டு வெயிலுக்கு ஏற்ற ரோஜாவைத் தம் மண்ணிலேயே எடுப்பது என்று தீர்மானித்து ஜைகான்டியாவைக் கையிலெடுத்தார். 1915இல் வெளிவந்த ஜெஸ்ஸி கிளார்க், ஜைகான்டியாவுக்கும் மதாம் மார்த்தின்யே என்ற டீ ரோஜாவுக்கும் பிறந்தது. பெரிய கொடி, பெரிய ஒற்றைப் பூ, ஆண்டுக்கு ஒருமுறை. பெல் போர்த்துகேஸின் அதே நிலை.

கிளார்க் அத்தோடு நிற்கவில்லை. ஜெஸ்ஸி கிளார்க்கை மறுபடி காப்பிதேன் மியே என்ற டீ ரோஜாவோடு சேர்த்தார். 1924இல் வந்தது லொரைன் லீ. பாட்டியின் பளபளக்கும் இலையும் உறக்கமில்லாத உடலும் அதற்கு இருந்தன. டீ ரோஜா வழியில் ஓயாமல் பூக்கும் குணமும் திரும்பியிருந்தது. மெல்போர்ன் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில், மற்ற ரோஜாக்கள் மொட்டையாக நிற்கும்போது, லொரைன் லீ வேலி நெடுகப் பூத்து நின்றது. குளிர்நாட்டு ரோஜா எதற்கும் இந்தக் குணம் வராது. அவை குளிர்காலத்தில் உறங்கப் பிறந்தவை. ஒரு தலைமுறைக் காலம் அந்த நாட்டின் வீட்டுத் தோட்டங்களில் அது குடும்பப் பெயர்போல் வழங்கியது. 1937இல் வந்த நான்சி ஹேவர்ட், அழுத்தமான செந்நிற ஒற்றைப் பூவோடு குளிர்காலத்திலும் பூக்கும் கொடி. அதுவும் ஜெஸ்ஸி கிளார்க்கின் வழி. மரபணு என்ற சொல்லே பரவலாகாத காலத்தில், தோட்டத்தில் நின்று பார்த்தே இவ்வளவையும் சாதித்தார் அவர். ரோஜா வளர்ப்பின் வரலாற்றில் பெர்னே-துஷேவுக்குக் கொடுக்கப்படும் இடத்துக்கு எந்த வகையிலும் குறையாத இடம் கிளார்க்குக்கு உண்டு என்பேன்.

பிரான்சின் தென்கரையிலும் ஓர் அலை எழுந்தது. கான் நகரில் ஷாத்தோ எலியோனோர் என்ற மாளிகையின் தோட்டக்காரர் பஸ்பி, 1910 வாக்கில் எடுத்த லா ஃபொலெத், இன்றும் மத்தியதரைக் கடலோரத்தில் மரங்களை மூடிப் பூக்கிறது. 1920களில் போல் நபொனான் இன்னும் சிலவற்றைச் சேர்த்தார். கலிபோர்னியாவில் பெல் போர்த்துகேஸுக்கே தனி வாழ்வு கிடைத்தது. பெல் ஆஃப் போர்ச்சுகல் என்று பெயர் மாறி, வீட்டு மதில்களிலும் பழைய தோட்டங்களின் ஓக் மரங்களிலும் ஏறியது. அதன் நாற்றாக 1929இல் அங்கே வந்த சூசன் லூயிஸ், திரும்பத் திரும்பப் பூக்கும் புதர் ரோஜா. லொரைன் லீயில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது.

இனி வளர்ப்பு முறை. இந்தக் கொடியைக் கெடுப்பது பெரும்பாலும் கவாத்துக் கத்திதான். குளிர்காலத்தில் ரோஜாவை வெட்ட வேண்டும் என்பது நூல்களில் எழுதியிருக்கும் பாடம். அது ஹைப்ரிட் டீ ரோஜாவுக்கான பாடம். பெல் போர்த்துகேஸ் சென்ற ஆண்டு முற்றிய தண்டிலிருந்து கிளைக்கும் சிறு கிளைகளில் பூப்பது. டிசம்பரில் அதை வெட்டினால் வரப்போகும் பூ முழுவதையும் வெட்டி எறிகிறோம். பூத்து ஓய்ந்த கையோடு கவாத்து செய்ய வேண்டும். அதிலும் முதல் மூன்று ஆண்டுகள் காய்ந்ததை நீக்குவது தவிர வேறெதுவும் செய்யாமல் விடுவது நல்லது.

அடுத்தது கட்டும் முறை. நேராக மேல்நோக்கி விட்டால் தண்டின் நுனி, தனக்குக் கீழே உள்ள கண்களை ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருளால் அடக்கி வைக்கும். உச்சியில் மட்டும் நான்கு பூ; கீழே வெறும் முள்தண்டு. அதே தண்டை மதிலில் அடித்த கம்பியில் கிடைமட்டமாக வளைத்துக் கட்டிப் பாருங்கள். நுனியின் அதிகாரம் குறைகிறது. தண்டு நெடுகக் கண் ஒவ்வொன்றும் விழித்துக் கிளைவிடுகிறது. ஓராண்டில் ஒவ்வொரு கிளையும் பூக்கும். தண்டு இளசாக, பச்சையாக இருக்கும்போதே வளைக்க வேண்டும். முற்றியபின் வளைத்தால் முறியும். கயிறு இறுக்கமாக இருக்கக் கூடாது. தண்டு பருக்க இடம் வேண்டும். முள் கொக்கிபோல் கீழ்நோக்கி வளைந்தது. கையுறை இல்லாமல் இறங்கக் கூடாது. பந்தலாக இருந்தால் கல்தூண் அல்லது இரும்புக் குழாய் போட்டுக் கட்டுங்கள். சவுக்குக் கம்பு இந்தக் கனத்தைச் சில ஆண்டுக்கு மேல் தாங்காது. தொட்டியில் வளர்க்க நினைப்பவர்களுக்கு இந்தச் செடி வேண்டாம்.

எங்கே வளராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடும் உறைபனி உள்ள ஊரில் தண்டு கருகிவிடும். மறுபக்கம், குளிரே இல்லாத இடத்திலும் இது இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும். லிஸ்பனில் ஜனவரி மாதப் பகல் 15 டிகிரியை ஒட்டியும் இரவு 8 டிகிரியை ஒட்டியும் இருக்கும். அந்த மிதமான குளிரில்தான் தண்டு முற்றிப் பூவுக்குத் தயாராகிறது. சென்னையின் ஜனவரி இரவு 20 டிகிரிக்குப் பெரிதாகக் கீழே இறங்குவதில்லை. ஆகவே சென்னை, மதுரை, யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இந்தக் கொடியைப் பரிந்துரைக்க மாட்டேன். சமவெளிக்கு ஏற்ற ரோஜா வேண்டுமானால், மாலை கட்டும் எட்வர்டு ரோஜா நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த குலம் அது. அதுவும் வெப்ப நிலத்தில் பிறந்ததே. அதனால்தான் நம் வெயிலில் நிற்கிறது. ஆனால் கொடைக்கானலின் ஜனவரி, வெப்பநிலையில் லிஸ்பனின் ஜனவரிக்கு மிக அருகில் வருகிறது. மணிப்பூர் மலைச்சரிவின் பருவமழையும் அங்கே உண்டு. பழனி மலை, நீலகிரி வீடுகளின் கருங்கல் மதில்கள் இந்தக் கொடிக்கென்றே கட்டியவைபோல் நிற்கின்றன.

கொடைக்கானலுக்கும் ஜைகான்டியாவுக்கும் உள்ள உறவு நான் இங்கே கற்பிப்பது அல்ல. முன்னாள் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி வீரு வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் பல பத்தாண்டுகளாக அந்த ஊரில் இருந்து செய்துவரும் ரோஜாக் கலப்புப் பணி உலக அளவில் மதிக்கப்படுவது. வெப்ப நாடுகளுக்கென்று ரோஜாவில் தனி வழி வேண்டும் என்று ஓயாமல் வாதிட்டவர்கள் அவர்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த காட்டு ரோஜாக்கள் இரண்டு. ஒன்று, மணிப்பூருக்கே சென்று தேடிய ஜைகான்டியா. மற்றது ரோசா கிளினோஃபில்லா. வங்காளத்தின் ஆற்றோரங்களில், வெள்ளத்தில் கால் நனைத்து நிற்கும் வெள்ளை ரோஜா. தேங்கிய நீரில் ரோஜா அழுகிவிடும் என்ற பொதுவிதிக்கு அது விலக்கு.

இந்தக் கலப்பில் உள்ள சிக்கலைச் சொன்னால்தான் அந்த உழைப்பின் அளவு புரியும். ஜைகான்டியாவின் உயிரணுவில் 14 குரோமோசோம்கள். நவீன ஹைப்ரிட் டீ ரோஜாக்களில் பெரும்பாலும் 28. இரண்டையும் சேர்த்தால் பிள்ளைக்கு 21. மகரந்தமும் சூலும் உருவாகும்போது அந்த ஒற்றைப்படை எண்ணிக்கை சரியாகப் பிரியாது. பிள்ளை பூக்கும், ஆனால் பெரும்பாலும் விதை பிடிக்காது. வழி அங்கேயே அடைபடும். கிளார்க் பழைய டீ ரோஜாக்களைத் துணையாகக் கொண்டதால், அவையும் பெரும்பாலும் 14 குரோமோசோம் உடையவை என்பதால், அவருக்கு அடுத்த தலைமுறை எளிதாகக் கிடைத்தது. இன்றைய நிறங்களையும் காட்டுக் கொடியின் உடல்வலுவையும் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு அந்த எளிமை இல்லை. எத்தனையோ பூக்களில் மகரந்தம் தடவி, அரிதாகக் காய்க்கும் ஒரு காய்க்காகக் காத்திருக்க வேண்டும். தாவரங்களின் குரோமோசோம்களை எண்ணித் தொகுத்து 1945இல் டார்லிங்டன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து பெருநூல் வெளியிட்டவர், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியில் பங்காற்றிய ஈ. கே. ஜானகி அம்மாள். வீரராகவன் தம்பதி தங்கள் மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான மரியாதை.

நம் மலைகளுக்கே உரிய கொடி ரோஜா ஒன்றும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலை விளிம்புகளில், நீலகிரியிலும் பழனி மலையிலும், கொத்துக் கொத்தாக வெள்ளைப்பூ பூக்கும் ரோசா லெஷனோல்தியானா. புதுச்சேரியில் தாவரவியலாளராகப் பணியாற்றிய லெஷனோவின் பெயர் அதற்கு. உலகின் தென்கோடிக் காட்டு ரோஜாக்களில் அதுவும் ஒன்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இயற்கையாக ரோஜா இனமே கிடையாது. ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்காவில் வெளிநாட்டு ரகங்களைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில், சாலையோரச் சோலையில் இது பூத்திருப்பதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா 1995இல் தொடங்கப்பட்டு, 2006இல் உலக ரோஜாச் சங்கக் கூட்டமைப்பின் சிறந்த பூங்கா விருதைப் பெற்றது. ஆயிரக்கணக்கான ரகங்களை வளர்க்கும் இடமும் ஆட்களும் அங்கே இருக்கின்றன. கொடைக்கானலிலும் அரசு ரோஜாப் பூங்கா இருக்கிறது. தோட்டக்கலைத் துறைக்கு என் கோரிக்கை இதுதான்: இந்த இரண்டில் ஒன்றில் வெப்ப நில ரோஜாக்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குங்கள். மணிப்பூரிலிருந்து ஜைகான்டியாவையும் வங்காளத்திலிருந்து கிளினோஃபில்லாவையும் முறையான அனுமதியோடு கொண்டுவந்து, நம் லெஷனோல்தியானாவின் பக்கத்தில் நடுங்கள். பெல் போர்த்துகேஸும், லா ஃபொலெத்தும், லொரைன் லீயும், கொடைக்கானலில் பிறந்த ரகங்களும் அதே வரிசையில் நிற்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் அதன் தாய் தந்தை யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தமிழில் பலகை வையுங்கள். மலையில் வீடும் வெயில் விழும் மதிலும் உள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய ரோஜாக்களை வளர்ப்பவர்களிடம் கேட்டு ஒரு பதியன் வாங்கி, தென்மேற்கு மழை தொடங்கும்போது நட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டு பூக்கும்.